சுடுகாட்டுக்காரிக்கு இன்னா தீட்டு? மயானக் கொள்ளை நடத்திய அனுபவம்

மயானக் கொள்ளையில் அம்மனுக்குச் செய்ய வேண்டியதைப் பூசாரி பார்த்துக்கொள்வார். மிச்சமெல்லாம் காகிதம், காசு, கம்பி. வேலூரில் பாலாற்றை ஒட்டிய எங்கள் தெருவில் இந்த மூன்றையும் வருடக்கணக்கில் கவனித்துவந்தவர் என் நைனா. போன ஐப்பசியில் அவர் தவறிவிட்டார். தை பிறந்ததும் விழாக் குழுவினர் வீட்டுக்கு வந்து, பீரோ மேல் இருந்த பச்சை ஃபைலைக் கேட்டார்கள். ஃபைலோடு சேர்த்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மகா சிவராத்திரியை அடுத்து வரும் மாசி அமாவாசையில் அங்காளபரமேஸ்வரி மயானத்துக்குப் போகிறாள். பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய பாவத்தால் அந்தக் கபாலம் சிவன் கையிலேயே ஒட்டிக்கொண்டு, பிச்சையாக விழுந்த சோற்றையெல்லாம் தின்றுவிட்டது. மேல்மலையனூர் மயானத்தில் அம்மன் சோற்றை வாரி இறைக்க, ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியது. அந்த இறைப்புதான் கொள்ளை. மேல்மலையனூரில் லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் என்றால், வட ஆற்காட்டில் ஊருக்கு ஊர் உண்டு. வேலூரில் தோட்டப்பாளையம், விருதம்பட்டு, மோட்டூர், கழிஞ்சூர் என்று இரு கரையிலிருந்தும் தேர்கள் பாலாற்றுக்கு வந்து சேரும். அதே நாளில், அதே மணலில், அவரவர் வீட்டில் செத்துப்போனவர்களுக்கும் படையல் நடக்கும். பம்பைச் சத்தத்துக்கு நடுவே ஒரு அம்மா புதைமேட்டின் மேல் விழுந்து அழுதுகொண்டிருப்பார். பக்கத்திலேயே பிள்ளைகள் ஐஸ் வாங்கித் தின்னும். எங்களுக்கு இது விசித்திரமாகப் படாது.

முதல் சிக்கல் வீட்டுக்குள்ளேயே வந்தது. அப்பன் செத்து வருடம் திரும்பாதவன் அம்மன் காரியத்தில் கை வைக்கலாமா? குழுவில் இரண்டு பெரியவர்கள் கூடாது என்றார்கள். திருவிழாவுக்குத் தேர் இழுக்கக்கூடக் கூடாதாம். என் ஆயா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டார்: "மலையில கீற சாமிக்குத்தான் தீட்டு. இவ குடியிருக்கிறதே சுடுகாட்ல. சுடுகாட்டுக்காரிக்கு இன்னா தீட்டு?" பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் பாதி வழியில் ஒத்துக்கொண்டார்கள். காப்பு வேறொருவர் கட்டிக்கொள்வார், நான் கோயிலுக்குள் போகாமல் வெளி வேலையை மட்டும் பார்க்க வேண்டும். வெளி வேலை எவ்வளவு என்று தெரிந்திருந்தால் காப்பே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

காகிதத்தில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. காவல் நிலையத்துக்கு ஒரு மனு. அதில் தேர் புறப்படும் நேரம், போகும் தெருக்கள், திரும்பும் வழி, தேரின் உயரம், பொறுப்பாளர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்க வேண்டும். போன வருட அனுமதியின் நகலை இணைத்துவிட்டால் பாதிக் கேள்வி வராது. நைனா ஒவ்வொரு வருடத்து நகலையும் நூல் கட்டி வைத்திருந்தார். அப்புறம் எல்லாத் தெருக்காரர்களையும் கூப்பிட்டு ஆலோசனைக் கூட்டம் போடுகிறார்கள். எந்தத் தேருக்குப் பின்னால் எந்தத் தேர் என்று அங்கேதான் முடிவாகும். சாதி அடையாளத்தோடு கொடியோ பனியனோ கூடாது, கூம்பு ஒலிபெருக்கி கூடாது, இரவு 10 மணிக்கு மேல் பாட்டு கூடாது என்று உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வரிசை எண்ணுக்காக இரண்டு தெருக்காரர்கள் அங்கேயே முட்டிக்கொண்டார்கள். அமாவாசையன்று காட்பாடி சாலையிலும் நெடுஞ்சாலையிலும் வண்டிகளைத் திருப்பிவிட வேண்டியிருப்பதால், போலீஸ்காரர்களுக்கு நம் பக்தியைவிட நேரம்தான் முக்கியம். அதைக் குறை சொல்ல முடியாது.

காசு வசூல்தான் கலை. மண்டித் தெருவிலும் லாங் பஜாரிலும் ரசீதுப் புத்தகத்தோடு நுழைவதற்கு நேரம் காலம் உண்டு. போணி ஆவதற்கு முன்னால் போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். விளக்கு வைத்த பிறகு கல்லாவிலிருந்து காசு வெளியே போகாது. வெள்ளிக்கிழமை போகவே கூடாது. மிச்சம் இருக்கிற இடைவெளியில்தான் சுற்ற வேண்டும். ரசீது அடிக்கட்டையில் நைனா பென்சிலால் சின்னச் சின்னதாகக் குறிப்பு எழுதியிருந்தார். 'இவர் தம்பியிடம் கேட்காதே.' 'டீ குடிக்கச் சொல்வார், குடி.' 'பணம் தர மாட்டார், கடலை தருவார்.' அந்தக் கடலைக்காரர் கேட்காமலேயே ஒரு மூட்டை கறுப்புக் கொண்டைக்கடலையை எடுத்துப் போடச் சொன்னார். வெங்காய மண்டி பாய் ரசீதைப் பார்த்துவிட்டு, "உங்க நைனா வந்தா அரை மணி நேரம் உக்காந்து கதை பேசுவாரு. நீ இன்னா நின்னுக்கினே கீற?" என்றார். உட்கார்ந்தேன். அன்றைக்கு வேறு கடைக்குப் போக முடியவில்லை, ஆனால் போன வருடத்தைவிடக் கூடுதலாகவே எழுதினார். இளைய தலைமுறை கல்லாவில் இருந்தால் ஜிபே. குழுவின் பெயரில் கணக்கு இல்லாததால் பணம் என் சொந்தக் கணக்குக்கு வந்து, அதைத் தனியாக நோட்டில் எழுதி, தினமும் பொருளாளரிடம் காட்ட வேண்டியிருந்தது. அடுத்த முறை நடத்துகிறவர்கள் முதலில் ஒரு கூட்டுக் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள்.

லாங் பஜாரில் அலையும்போது மணிக்கூண்டின் கல்வெட்டை முதல்முறையாக நின்று படித்தேன். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. அந்த 14 பேரின் பெயரும் அங்கே இல்லை. கோட்டைக்கு எதிரே 1806 சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூணாவது ஜூலை 10 வந்தால் மலர்வளையம் பார்க்கிறது. எங்கள் தெருவில் பத்தாவது படிக்கும்போது செத்த பையனுக்குக்கூட வருடா வருடம் ஒரு இலை விழுகிறது. கடல் தாண்டிப் போய்ச் செத்த அந்த 14 பேருக்கு எந்த வீட்டில் இலை போட்டார்களோ.

பம்பைக்காரர்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. வட தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் திருவிழா என்பதால் பொங்கலுக்கு முன்பே முன்பணம் கொடுத்துவிட வேண்டும். நைனா படுக்கையில் விழுவதற்கு முன்பே கொடுத்திருந்தார் என்பது பம்பைக்காரரே போன் செய்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இனி கம்பி. மின்வாரியத்துக்கு மனு கொடுத்தால், தேர் போகும் நேரத்தில் அந்தந்தப் பகுதியில் மின்சாரத்தை நிறுத்திக் கொடுக்கிறார்கள். லைன்மேன் கூடவே நடந்து வருகிறார். உண்மையான தொல்லை மின்கம்பி அல்ல, கேபிளும் இன்டர்நெட் கம்பியும்தான். எந்தக் கம்பி யாருடையது என்று யாருக்கும் தெரியாது, யாருக்கும் மனு கொடுக்க முடியாது. ஒரு வீட்டு மாடியிலிருந்து எதிர்வீட்டு மாடிக்கு, தொட்டில் கயிறு கட்டின மாதிரி தொங்குகிறது. நைனாவின் குறிப்பில் 'ரைஸ்மில் முனை தாழ்வு, கோல் 2' என்று மட்டும் இருந்தது. நானும் மச்சானும் டேப் பிடித்துத் தெருத்தெருவாக நடந்தபோது அப்படிப்பட்ட முனைகள் நிறையவே முளைத்திருந்தன. மூங்கில் நுனியில் கவைக்கட்டை வைத்து, கட்டையில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, கவைக்கோல்கள் செய்தோம். கோலுக்கு ஒரு பையன். தேருக்கு முன்னால் போகும் பையன் கம்பியைத் தூக்குவான், தேர் உச்சியில் உட்கார்ந்திருப்பவன் அதைத் தலைக்கு மேல் தாங்கிப் பின்னால் தள்ளுவான், பின்னால் வரும் பையன் இறக்கிவிடுவான். உச்சியில் உட்காருகிறவன் குடிக்காதவனாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அமாவாசைக்கு முன்பு ஒரு காலையில் நைனாவின் புதைமேட்டைச் சுத்தம் செய்யப் போனோம். மழைக்குப் பிறகு மேடு அமுங்கி, சீமைக்கருவேலம் ஒன்று தலைகாட்டியிருந்தது. வேரோடு பிடுங்கி, மண் அணைத்து, சுற்றிலும் செங்கல் வைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். தாத்தாவின் இடம்தான் தெரியவில்லை. 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது அந்த வரிசையே அடித்துக்கொண்டு போய்விட்டது. முழு வருடமும் மணலாகக் கிடக்கிற ஆறு அப்படி வரும் என்று யார் நினைத்தார்கள். ஆயா குச்சியால் ஒரு இடத்தைத் தட்டி, "இங்க ஒரு இலை போடு. நான் வெச்ச இடத்துக்கு அவரு வந்துருவாரு, பொழைச்சிருந்தப்பவும் அப்படித்தான்" என்றார். மச்சான் சிரித்துவிட்டான். ஆயாவும்தான்.

அமாவாசையன்று விடியலிலேயே அம்மா அடுப்படியில் இருந்தார். சுண்டல், கொழுக்கட்டை, மொச்சை, வேகவைத்த மரவள்ளி, முட்டை. நைனாவுக்காக முள்ளுக் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. இலவம்பாடிக் கத்திரிக்காய்தான் வேண்டும் என்று நேதாஜி மார்க்கெட்டில் தேடி வாங்கினேன். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வியாபாரி அதையும் விலையில் சேர்த்துச் சொல்கிறார். இலையில் எல்லாம் வைத்து, சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து ஓரத்தில் சாய்த்தோம். அம்மா அதிகம் அழவில்லை. குழம்பில் உப்பு கம்மியோ என்று இரண்டு தடவை கேட்டார்.

எனக்கு அங்கே நின்றுகொண்டிருக்க நேரமில்லை. தேர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ரைஸ்மில் முனையைத் தாண்டிவிட்டார்கள். பேக்கரி முனையில் நாங்கள் அளந்த பிறகு புதிதாக ஒரு கறுப்புக் கம்பி கட்டியிருந்தார்கள். கவைக்கோலை நீட்டிய பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ணா, இது வரல" என்றான். கம்பி இறுக்கி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது, அசையவே இல்லை. பின்னால் அடுத்த தெருத் தேர் வந்து நிற்கிறது, அதன் பம்பையும் எங்கள் பம்பையும் போட்டி போடுகின்றன, போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். லைன்மேன்தான் பக்கத்து மாடிக்கு ஏறி, முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கொடுத்தார். அது அவர் வேலையே இல்லை. அவர் இறங்கி வந்ததும் தேரில் இருந்த மாலையில் ஒன்றைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

முத்துமண்டபம் பக்கம் கூட்டம் நெருக்கியது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை அங்கேதான். 1815இல் பிடிபட்டு, மறு வருடம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரியில் இங்கேயே இறந்துபோனவர். வேஷம் போட்டிருந்த காளி ஒருவர், நீலச் சாயம் வியர்வையில் வழிய, தகர நாக்கைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மண்டபத்துச் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். உயிர்க்கோழியைக் கடிக்கும் வேஷங்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, வீட்டுப் பிள்ளைகளை அந்தாண்டை விடவும் மாட்டேன். ஆனால் வேண்டிக்கொண்டு வருகிறவனிடம் நான் போய் என்ன சொல்வது?

ஆற்றில் மண்ணால் பிடித்துப் படுத்த கோலத்தில் அம்மன் உருவம் செய்து, மஞ்சளும் குங்குமமும் கொட்டி, கண் எழுதியிருந்தார்கள். பூசாரி கப்பரையோடு சுற்றி வந்து முடித்ததும் கொள்ளை தொடங்கியது. சுண்டல், காசு, கொழுக்கட்டை, எலுமிச்சம்பழம், உப்பு, மிளகு எல்லாம் தேர் மேலிருந்து பறக்கிறது. சேலை முந்தானையை விரித்துப் பிடிக்கிறார்கள், குடையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். கடலைக்காரர் கொடுத்த மூட்டை கால் மணி நேரத்தில் காலி. என் நெற்றியில் முழு மரவள்ளித் துண்டு ஒன்று வந்து விழுந்தது. பிள்ளை வேண்டி ஒரு பெண் கொள்ளைச் சுண்டலுக்காகக் கையேந்தி நின்றிருந்தார். அவர் கைக்கு எதுவுமே விழவில்லை. என் மேல் விழுந்து சட்டைப் பையில் தங்கிய சுண்டலை எடுத்துக் கொடுத்தேன். அது செல்லுமா என்று கேட்டார். செல்லும் என்று சொல்லிவிட்டேன். அந்த அதிகாரம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

பத்து மணிக்குள் பாட்டை நிறுத்திவிட்டோம். தேர் திரும்ப நள்ளிரவு தாண்டிவிட்டது.

அடுத்த வாரம் கோயில் வாசலில் கணக்குப் படித்தேன், உள்ளே போகாமல். ஜெனரேட்டர் வாடகையில் ஒருவர் சந்தேகம் கேட்டார், ரசீதைக் காட்டியதும் உட்கார்ந்தார். மிச்சப் பணம் கொஞ்சம்தான். மனுக் கொடுக்கும் வரிசையை மாற்றலாம், கம்பி அளப்பதை முந்தின நாள் மாலைக்குத் தள்ளலாம் என்று சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். தேரின் உயரத்தில் இரண்டு அடி குறைத்தால் கவைக்கோலில் பாதி தேவைப்படாது என்றேன். பையன்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. பக்கத்துத் தெருத் தேர் எங்களுடையதைவிட ஒரு சாண் உயரமாக இருந்ததாம். அதை எப்படி மிஞ்சுவது என்று தச்சரிடம் ஏற்கெனவே பேசிவிட்டார்களாம்.