துவரம்பருப்பு அளவில் ஒரு சிப்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டையில் எங்கள் ஸ்டூடியோவுக்கு முன்பக்கத் தகரம் பறந்ததோடு சரி, கம்ப்யூட்டர் அறைக்குள் தண்ணீர் வரவில்லை. சுற்றுப்பட்டு கிராமங்களில் அப்படி இல்லை. தென்னை விழுந்து கூரை போய், பீரோவில் வைத்திருந்த கல்யாண ஆல்பம்கூட நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டது. பத்து நாள் கழிந்ததும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். "அண்ணே, எங்க கல்யாணப் போட்டோ உங்ககிட்ட இருக்குமா?"

இருந்தது. 2007 முதல் நான் எடுத்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் 1 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. டிவிடியிலும் போட்டு வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஓடவில்லை. ஆக, அந்த டிஸ்க் ஒன்றுதான்.

வந்தவர்களில் பேராவூரணிப் பக்கத்து அக்கா ஒருவர். 2009இல் அவருக்குக் கல்யாணம். "ஆல்பம் போனாப் போகுது தம்பி, எங்க அம்மா நிக்கிற படம் ஒண்ணு இருக்கும். அம்மாவுக்கு வேற போட்டோவே கிடையாது." அன்றைக்கே எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் கரண்ட் இல்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும். டார்ச் வெளிச்சத்தில், லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை ஹார்ட் டிஸ்க்கில் சொருகிவிட்டேன். அதற்கு வேண்டியது 12 வோல்ட். இரண்டு பின்னுக்கும் வெளிவட்டம் ஒரே அளவு, உள்துளைதான் கொஞ்சம் வேறு. லேசாக ஆடினாலும் உள்ளே போய்விடும். 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் கருகல் வாசனை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

சரியான அடாப்டரைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. போடாமல் விட்டதுதான் அந்த வாரத்தில் நான் செய்த நல்ல காரியம். எது போயிருக்கிறது என்று தெரியாமல் திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுத்தால் மிச்சம் இருப்பதும் போகும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். வெளிப்பெட்டியைப் பிரித்து, நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்றி, அடியில் இருந்த பச்சை போர்டை மட்டும் எடுத்தான். போர்டைக் கழற்றுவது வேறு, டிஸ்க்கின் மேல்மூடியைத் திறப்பது வேறு. மூடியை மட்டும் யாரும் வீட்டிலோ கடையிலோ திறந்துவிடாதீர்கள். டேட்டா பதிந்திருக்கும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு தூசிகூட நுழைய முடியாது.

மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிரவுண்டிலும் இன்னொன்றை 12 வோல்ட் பின்னிலும் வைத்தான். பீப் என்று விடாமல் கத்தியது. "அண்ணே, டிவிஎஸ் டயோடு ஷார்ட்." 12 வோல்ட் வழியில் ஒன்று, 5 வோல்ட் வழியில் ஒன்று என்று இந்த டயோடுகளை வைத்திருப்பார்கள். வோல்டேஜ் எல்லை மீறினால் அது தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றும். பல டிஸ்க்குகளில் அது மட்டும்தான் போயிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சரியான வோல்டேஜ் கொடுத்து டேட்டாவைக் காப்பி எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தபோது, மோட்டாரை ஓட்டும் சிப்பின் நடுவில் குண்டூசி குத்தினாற்போல ஒரு ஓட்டை தெரிந்தது.

வேறு போர்டு வேண்டும். டிஸ்க்கின் மாடல் நம்பர் ஒன்றாக இருந்தால் போதாது, போர்டின் மேலேயே அச்சடித்திருக்கும் நம்பர் ஒத்துப்போக வேண்டும். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். ரிச்சி தெருவில் காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கி, மூன்று மணி வாக்கில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஹெட் போய் 'டக் டக்' என்று அடிக்கும் டிஸ்க், யாருக்கும் வேண்டாதது. போர்டு நன்றாக இருந்தது. 400 ரூபாய்.

போர்டை அப்படியே மாற்றிப் போட்டால் ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன். தம்பி தடுத்தான். போர்டின் ஓரத்தில் எட்டுக் கால் உள்ள ஒரு ரோம் சிப், துவரம்பருப்பை விடப் பெரிதில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் ஹெட், தட்டு எப்படி அமைந்திருக்கிறது என்று ஃபேக்டரியில் அளந்து, அந்த அளவுகளை அதில் எழுதி அனுப்புகிறார்கள். ஒரே நாளில் செய்த இரண்டு டிஸ்க்குகளுக்குக்கூட அது ஒன்றாக இருக்காது. டிஸ்க் ஓடுவதற்கான மீதி மென்பொருள் (ஃபர்ம்வேர்) தட்டிலேயே இருக்கிறது. இந்த அளவுகள் இல்லாமல் ஹெட்டால் அதைப் படிக்கவே முடியாது. என் பத்து வருட வேலைக்கான சாவி அந்தப் பருப்புக்குள் இருந்தது. (சில மாடல்களில் இந்த சிப் தனியாக இல்லாமல் பெரிய சிப்புக்குள்ளேயே இருக்கும். அது வேறு வேலை, அதற்கென்று இருப்பவர்களிடம்தான் போக வேண்டும்.)

எங்கள் சிப்பைப் புதுப் போர்டுக்கு மாற்ற வேண்டும். பழைய போர்டில் ஃப்ளக்ஸ் (ஈயம் சீராக இளக உதவும் பசை) தடவி, சுற்றிலும் இருந்த சின்னச் சின்னப் பாகங்களை டேப் ஒட்டி மறைத்து, ஹாட் ஏர் கன்னைப் பிடித்தான். ஈயம் பளபளத்து இளகியதும் ட்வீசரால் ஒரே தூக்கு. புதுப் போர்டிலிருந்த சிப்பையும் அதேபோல எடுத்துத் தனியே வைத்தான். எங்கள் சிப்பின் மூலையில் ஒரு புள்ளி இருக்கிறது, அது போர்டில் உள்ள குறிக்கு நேராக உட்கார வேண்டும். அவன் வைத்துவிட்டு, என்னையும் ஒருமுறை லென்ஸில் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். ஹெட்டுக்குப் போகும் தொடுபுள்ளிகள் கறுத்திருந்தன. பள்ளிக்கூடத்து ரப்பரால் மெதுவாகத் தேய்த்ததும் மின்னின.

போர்டை மாட்டி, டெஸ்க்டாப்பில் இணைத்துக் கரண்ட் கொடுத்தான். டிஸ்க்கின் மேல் விரலை வைத்திருந்தேன். முதலில் ஒரு சின்ன அதிர்வு. அப்புறம் அந்த மெல்லிய ரீங்காரம் ஏறி ஏறி ஒரே சீராக நின்றது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, என் தோளைத் தட்டினான்.

ஃபோல்டரைத் திறக்கவில்லை. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற காப்பி எடுக்கும் மென்பொருளைப் போட்டு, முழு டிஸ்க்கையும் புது டிஸ்க்குக்கு அப்படியே எடுத்தோம். எதுவரை படித்தது, எங்கே படிக்கவில்லை என்று அது ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கரண்ட் போய்ப் போய் வந்த அந்த நாட்களில் அது எவ்வளவு பெரிய உதவி! நான்கு மணி நேர வேலை, இரண்டு நாள் இழுத்தது. ஒரு படம்கூடப் போகவில்லை.

இப்போது எல்லாம் மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று என் தங்கை வீட்டில். அடாப்டர் ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி வோல்ட்டை எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மாவின் படத்தை 8க்கு 12 அளவில் போட்டேன். பந்தலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில், கையில் சந்தனக் கிண்ணத்தோடு, கேமராவைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அக்கா வாங்கி, முந்தானையால் ஒருமுறை துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "தங்கச்சிக்கும் ஒண்ணு போடு தம்பி" என்றார்.