சின்ன டச் டிஸ்ப்ளே: வயரிங் முதல் கேலிப்ரேஷன் வரை

2.8 அங்குல டச் டிஸ்ப்ளே என்று ஒரு பலகை வாங்கினால் கைக்கு வருவது இரண்டு தனித்தனிக் கருவிகள். அடியில் 240×320 புள்ளிகள் கொண்ட எல்சிடி பேனல், அதை ஓட்டும் ஐஎல்ஐ9341 சிப். அதன் மேல் ஒட்டிய ரெசிஸ்டிவ் டச் படலம், அதைப் படிக்கும் எக்ஸ்பிடி2046 சிப். இந்த இரண்டு சிப்புக்கும் இடையே எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. படத்தை 90 டிகிரி திருப்பிக் காட்டினாலும் டச் சிப் பழைய திசையிலேயே எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கும். "பட்டனைத் தொட்டால் வேறு எங்கோ பதிகிறது" என்ற புலம்பலில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன. ஆகவே முதலில் டிஸ்ப்ளேயை மட்டும் ஓட வையுங்கள். அது சரியான பிறகு டச்சை மட்டும் தனியே படித்து எண்களைப் பாருங்கள். கடைசியில் இரண்டையும் இணையுங்கள். எல்லா வயரையும் ஒரே மூச்சில் செருகி, பெரிய புரோகிராம் ஒன்றை ஏற்றினால், கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதிலேயே நாள் போய்விடும்.

இங்கே சொல்வதெல்லாம் வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டை மனதில் வைத்துத்தான். ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இலும் இந்த டிஸ்ப்ளே ஓடும். ஆனால் அதன் ரேம் 2,048 பைட்தான், சிக்னல் 5 வோல்ட். டிஸ்ப்ளேயின் சிக்னல் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை என்பதால் நடுவில் 5 வோல்ட்டை 3.3 ஆக இறக்கும் லெவல் ஷிஃப்டர் வைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பாதையில் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

வயரிங்

பலகையில் 14 பின்கள் இருக்கும். முதல் ஒன்பது டிஸ்ப்ளேக்கு, மீதி ஐந்தும் டச்சுக்கு. இரண்டு சிப்பும் போர்டோடு பேசுவது எஸ்பிஐ என்ற வயர் முறையில். ஈஎஸ்பி32-இல் கடிகாரம் 18, மோசி (போர்டிலிருந்து சிப்புக்கு) 23, மிசோ (சிப்பிலிருந்து போர்டுக்கு) 19 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளேயின் சிப் செலக்ட் (எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் பின்) 15, டேட்டா-கமாண்ட் பின் 2, ரீசெட் 4, டச்சின் சிப் செலக்ட் 21. டச்சின் கடிகாரமும் டேட்டா பின்களும் அதே 18, 23, 19-இல் சேரும்.

ஈஎஸ்பி32-இன் 12-ஆம் பின்னைத் தொடாமல் விடுவது நல்லது. போர்டு உயிர்பெறும் நொடியில் அந்தப் பின் உயர் நிலையில் இருந்தால், ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் முடிவு செய்துவிடும். சாதாரண போர்டுகளில் அதோடு பூட் ஆவது நின்றுவிடும். 34 முதல் 39 வரையுள்ள பின்கள் இன்புட் மட்டுமே, பின்னை உயர் நிலையில் பிடித்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டரும் உள்ளே கிடையாது. டச் இன்டரப்டை (தொட்டதும் சொல்லும் பின்) 36-இல் கொடுத்தால் வெளியே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்குப் போட்டுவிடுங்கள்.

டிஸ்ப்ளேயின் டேட்டா அவுட் (மிசோ) பின்னை இணைக்கவே வேண்டாம், 19-இல் டச்சின் பின் மட்டும் சேரட்டும். டிஸ்ப்ளேயிலிருந்து நாம் எதையும் படிக்கப் போவதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: தன் சிப் செலக்ட் விலக்கப்பட்ட பிறகும் சில பலகைகள் அந்த வயரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதே வயரில் டச் சிப் பதில் சொல்ல முயலும்போது அதன் குரல் எடுபடாது. எங்கே தொட்டாலும் 0 அல்லது 4095 என்றே வந்தால் முதலில் இந்த வயரைக் கழற்றிப் பாருங்கள்.

வயர் நீளமும் கவனிக்க வேண்டியது. 40 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 20 செ.மீ. ஜம்பர் வயர் ஓட்டினால் திரையில் அங்கங்கே வண்ணப் புள்ளிகள் தெறிக்கும், சில நேரம் திரை வெள்ளையாகவே நின்றுவிடும். 10 செ.மீ.க்குள் வையுங்கள், இல்லாவிட்டால் வேகத்தை 27-க்குக் குறையுங்கள். பலகையின் மின் உள்ளீட்டுக்குப் பக்கத்திலேயே 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். வைஃபை சிக்னல் அனுப்பும் நொடியில் மின்னோட்டம் சட்டென்று எகிறும். மெல்லிய யுஎஸ்பி கேபிளாக இருந்தால் பிரவுன்அவுட் (மின்னழுத்தம் குறைந்துவிட்டது) என்று போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும்.

திரை வெள்ளையாக இருந்தால்

பின்னொளி எரிகிறது, படம் இல்லை என்றால் சிப்புக்குத் தொடக்கக் கட்டளைகள் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். டேட்டா-கமாண்ட், ரீசெட், சிப் செலக்ட் என்ற மூன்று வயர்களையும் முதலில் சரிபாருங்கள். அவை சரி என்றால் டிரைவர் சிப் வேறாக இருக்கலாம். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் பலகைகள் எஸ்டி7789 சிப்போடும் வருகின்றன.

இத்தகைய டிஸ்ப்ளேகளை ஓட்டும் டிஎஃப்டி ஈஎஸ்பிஐ லைப்ரரியில், எந்தச் சிப், எந்தப் பின் என்ற விவரமெல்லாம் யூசர் செட்டப் என்ற கோப்பில் எழுதப்படும், அதாவது லைப்ரரி ஃபோல்டருக்கு உள்ளேயே. ஆர்டுயினோ லைப்ரரி மேனேஜர் அப்டேட் செய்யும்போது நீங்கள் எழுதியது அப்படியே அழிந்து பழையபடி ஆகிவிடும். நேற்று ஓடியது இன்று வெள்ளைத் திரையாக நின்றால் இதைச் சந்தேகியுங்கள். கோப்பின் நகல் ஒன்றை உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரில் வைத்திருங்கள். பிளாட்ஃபார்ம்ஐஓ என்ற நிரல் கருவியைப் பயன்படுத்துபவர்கள் இந்த அமைப்புகளை பில்ட் ஃபிளாக்காக (புராஜெக்ட் கோப்பில் எழுதும் கம்பைல் அமைப்பு) கொடுத்துவிடலாம், அதுதான் மேலான வழி.

படம் வந்தும் நிறம் தவறாக இருந்தால், எப்படித் தவறுகிறது என்று பாருங்கள். சிவப்பு நீலமாகவும் நீலம் சிவப்பாகவும் மாறியிருந்தால் நிற வரிசை அமைப்பு தலைகீழ். கறுப்பு வெள்ளையாக, போட்டோ நெகட்டிவ் போலத் தெரிந்தால் இன்வர்ஷன் அமைப்பை மாற்ற வேண்டும். எழுத்துகளும் கட்டங்களும் சரியான நிறத்தில் இருக்க, படக்கோப்புகள் மட்டும் பச்சையும் ஊதாவுமாகக் கலங்கித் தெரிந்தால் 16 பிட் நிற எண்ணின் இரு பைட்களும் இடம் மாறிப் போகின்றன. ஸ்வாப் பைட்ஸ் என்ற அமைப்பை இயக்கினால் சரியாகும்.

டச்

ரெசிஸ்டிவ் டச் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு மின்கடத்தும் படலங்கள். அழுத்தும் இடத்தில் இரண்டும் ஒட்டும். அங்குள்ள வோல்ட்டேஜை எக்ஸ்பிடி2046 12 பிட் எண்ணாக, 0 முதல் 4095-க்குள் சொல்லும். இதற்கும் திரைப் புள்ளிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஓரங்களில் சில நூறு எண்கள் வீணாகும், அந்த அளவு பலகைக்குப் பலகை மாறும். அதனால் இணையத்தில் கிடைக்கும் கேலிப்ரேஷன் (டச் எண்ணைத் திரைப் புள்ளியோடு பொருத்துவது) எண்களை அப்படியே ஒட்டுவதில் பயன் இல்லை. உங்கள் பலகையை நீங்களே அளந்துதான் ஆக வேண்டும்.

கணக்கு எளிது. திரையைப் படுக்கைவாக்கில், 320 புள்ளி அகலமாக வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். இடப்பக்கம் 20-ஆம் புள்ளியிலும் வலப்பக்கம் 300-ஆம் புள்ளியிலும் சிறு கூட்டல் குறி வரைந்து, ஸ்டைலஸ் முனையால் தொட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 420, வலப்பக்கம் 3620 என்று வந்தால் 280 புள்ளிகளுக்கு 3,200 எண்கள், அதாவது ஒரு புள்ளிக்குச் சுமார் 11.43. எந்த எண் வந்தாலும் அதில் 420-ஐக் கழித்து, 280-ஆல் பெருக்கி, 3200-ஆல் வகுத்து, 20-ஐக் கூட்டுங்கள். 2020 என்று வந்தால் விடை 160, திரையின் சரி நடு. உயரத்துக்கும் இதே கணக்கு. கூட்டல் குறியைத் திரையின் விளிம்பிலேயே வைக்காமல் 20 புள்ளி உள்ளே தள்ளி வைப்பதற்குக் காரணம், விளிம்பில் படலத்தின் அளவீடு நம்பத்தக்கதாக இருக்காது.

டச் படலம் கொஞ்சம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் இந்த இரண்டு புள்ளிக் கணக்கு மூலைகளில் பிசகும். அப்போது மூன்று புள்ளிகளை அளந்து, கிடைமட்ட எண்ணும் செங்குத்து எண்ணும் இரண்டுமே சேரும்படி சூத்திரம் எழுத வேண்டும். டிஎஃப்டி ஈஎஸ்பிஐ-உடன் வரும் டச் கேலிப்ரேட் உதாரணம் மூலைகளைத் தொடச் சொல்லி ஐந்து எண்களைத் தரும். அவற்றைக் குறித்துவைத்து ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கொடுத்தால் போதும். எந்தத் திசையில் அளந்தீர்களோ அந்தத் திசைக்கு மட்டுமே அவை செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது நடுக்கம். விரலை அசைக்காமல் வைத்திருந்தாலும் எண்கள் தாவும். ஐந்து தடவை படித்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு தவறான எண்கூட விடையை இழுத்துவிடும், நடு எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. விரலை எடுக்கும் கணத்தில்தான் மோசமான எண்கள் வரும்: அழுத்தம் குறையக் குறைய படலங்களின் தொடர்பு தளர்ந்து, கடைசி ஓரிரு அளவீடுகள் திரையின் வேறொரு மூலைக்கே போய்விடும். ஆகவே அழுத்த எண்ணையும் சேர்த்துப் படித்து, ஒரு வரம்புக்குக் கீழே இருப்பதைத் தள்ளிவிடுங்கள். டிஎஃப்டி ஈஎஸ்பிஐ தானாக வைத்திருக்கும் வரம்பு 600. விரல் நுனியால் மெதுவாகத் தொடுவது பதியவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். பட்டனின் வேலையை விரலை எடுத்த பிறகு, கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணை வைத்துச் செய்வதுதான் சரி. தவறாகத் தொட்டவர் விரலை நகர்த்தித் தப்பிக்கவும் அதில் வழி இருக்கிறது.

டிஸ்ப்ளே 40 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும் டச் சிப்பின் உச்சம் 2.5 மெகாஹெர்ட்ஸ்தான். லைப்ரரியில் இரண்டுக்கும் தனித்தனி வேகம் எழுதும் வரிகள் இருக்கின்றன.

ஈஎஸ்பி32-உம் டிஸ்ப்ளேயும் ஒரே பலகையில் வரும் மஞ்சள் நிற போர்டு, சீப் யெல்லோ டிஸ்ப்ளே என்று பலரும் அழைப்பது, இந்த விஷயத்தில் மாறுபட்டது. அதில் டச்சுக்குத் தனி எஸ்பிஐ வயர்கள்: கடிகாரம் 25, மோசி 32, மிசோ 39, சிப் செலக்ட் 33, இன்டரப்ட் 36. டிஎஃப்டி ஈஎஸ்பிஐ-இன் டச் வசதி டிஸ்ப்ளேயோடு ஒரே வயரைப் பகிர்வதாகவே எழுதப்பட்டது, ஆகையால் இங்கே அது வேலை செய்யாது. எக்ஸ்பிடி2046 டச்ஸ்கிரீன் என்ற தனி லைப்ரரியை இரண்டாவது எஸ்பிஐ-இல் ஓட்டுங்கள்.

பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகு திரை தானாகவே அழுந்திக்கொண்டிருப்பதுபோல் நடந்துகொள்கிறதா? மூடியின் விளிம்பு படலத்தின் ஓரத்தை அழுத்துகிறது. யாரும் தொடாதபோது அழுத்த எண்ணை அச்சிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். விளிம்புக்கும் படலத்துக்கும் இடையே அரை மி.மீ. இடைவெளி விடுங்கள்.

எதை வரைவது, எவ்வளவு

முழுத்திரை என்பது 320 × 240 × 2, மொத்தம் 1,53,600 பைட். 40 மெகாஹெர்ட்ஸில் இதை அனுப்பவே 31 மில்லிவினாடி ஆகும். ஒரு எண் மாறியதற்காக முழுத்திரையையும் அழித்து வரைந்தால் கண்ணுக்கே தெரியும்படி மினுக்கும். 100×40 அளவுள்ள ஒரு பட்டனை மட்டும் வரைய 1.6 மில்லிவினாடி போதும். மாறியதை மட்டும் வரையுங்கள். எழுத்துக்குப் பின்னணி நிறத்தையும் சேர்த்துக் கொடுத்தால் முதலில் அழிக்கும் வேலையே இல்லை. 100 என்ற எண் 99 ஆகும்போது பழைய சுழியம் ஓரத்தில் தங்கிவிடும். டெக்ஸ்ட் பேடிங்கில் மிகப் பெரிய எண்ணின் அகலத்தைக் கொடுத்தால் அதுவும் போய்விடும்.

இந்தத் திரையில் ஒரு மி.மீ.க்கு ஏறத்தாழ 5.6 புள்ளிகள். விரலால் தவறாமல் தொட 9 மி.மீ. வேண்டும், அதாவது 50 புள்ளிகள். இதைவிடச் சிறிய பட்டன்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும்போது அழகாகத்தான் இருக்கும், கையில் எடுத்தால் தொல்லை. படுக்கைவாக்கில் நான்கு வரிசை, ஐந்து பத்தி என்பதுதான் என் உச்ச வரம்பு.

ஸ்லைடர், பட்டியல், வரைபடம் எல்லாம் வேண்டுமென்றால் எல்விஜிஎல் லைப்ரரிக்குப் போங்கள். திரையில் பத்தில் ஒரு பங்கு, 15,360 பைட் பஃபர் (வரைவதற்கான தற்காலிக நினைவகம்) கொடுத்தாலே நன்றாக ஓடும். அதன் அமைப்புக் கோப்பை லைப்ரரி ஃபோல்டருக்கு உள்ளே வைக்காமல் அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் 0 என்று இருப்பதை 1 ஆக்காவிட்டால் நீங்கள் எழுதிய ஒரு அமைப்பும் எடுபடாது. டிக் (எவ்வளவு நேரம் போனது என்ற எண்ணிக்கை) கொடுக்க மறந்தால் முதல் திரை வந்து அப்படியே உறைந்துவிடும்.

தமிழில் எழுத்துக் காட்ட நினைப்பவர்கள் கவனிக்க: இந்தச் சின்ன லைப்ரரிகள் யூனிகோட் குறிகளை வந்த வரிசையிலேயே வைக்கும். 'கெ' என்பதில் கொம்பு மெய்க்குப் பின்னால் போய்விடும், 'கொ' சிதறும், 'கு' ஒன்று சேராது. தமிழ் ஃபான்ட் சேர்த்தாலும் இதற்குத் தீர்வு இல்லை. மாறாத சொற்களைக் கம்ப்யூட்டரிலேயே படமாக்கி, புள்ளிக்கு ஒரு பிட் என்று சேமித்துக்கொள்ளுங்கள். 200×24 அளவுள்ள ஒரு சொல்லுக்கு 600 பைட்தான் ஆகும், ஐம்பது சொற்கள் 30,000 பைட்டுக்குள் அடங்கும்.

பின்னொளி

பின்னொளிப் பின்னை ஈஎஸ்பி32-இன் பின்னில் நேரே செருகும் முன் மல்டிமீட்டரால் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். சில மில்லிஆம்பியர்தான் என்றால் பலகையிலேயே டிரான்சிஸ்டர் இருக்கிறது, நேரடியாக இணைக்கலாம். சில பத்து மில்லிஆம்பியர் போனால் நடுவில் சுவிட்சாக ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வையுங்கள். ஒளியைக் குறைக்க 5 கிலோஹெர்ட்ஸ், 8 பிட் பிடபிள்யூஎம் (வேகமாக ஏற்றி அணைக்கும் முறை) போதும். ஈஎஸ்பி32-இன் ஆர்டுயினோ கோர் 3-இல் இதற்கான பழைய செட்டப், அட்டாச் பின் கட்டளைகள் நீக்கப்பட்டுவிட்டன. பழைய உதாரண நிரல்கள் கம்பைல் ஆகாமல் நிற்பது அதனால்தான். இரண்டு கட்டளைகளையும் எடுத்துவிட்டு, பின் எண், அதிர்வெண், பிட் ஆகிய மூன்றையும் வாங்கும் புதிய ஒற்றை அட்டாச் கட்டளையைப் போடுங்கள்.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு

எஸ்பிஐ வழியே ஓடும் 3.5 அங்குல, 480×320 திரைகளில் ஒரு ஃபிரேமே 3,07,200 பைட். 24 மெகாஹெர்ட்ஸில் நொடிக்குப் பத்து ஃபிரேம்கூட வராது. வெப்பநிலை காட்டவும் நான்கு பட்டன் வைக்கவும் போதும், டெஸ்க்டாப்புக்குப் போதாது. டெஸ்க்டாப் வேண்டுமென்றால் டிஎஸ்ஐ (டிஸ்ப்ளேக்கான தனி இணைப்பு) உள்ள திரையே சரி: 2015-இல் வந்த 800×480 அதிகாரபூர்வத் திரை, அல்லது 2024-இல் வந்த 720×1280 திரை. எஸ்பிஐ திரையோடு தரப்படும் பழைய நிறுவல் ஸ்கிரிப்ட்களைப் புதிய இயங்குதளத்தில் ஓட்ட வேண்டாம். ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பிலிருந்து கான்ஃபிக் கோப்பு பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற துணை ஃபோல்டருக்கு மாறிவிட்டது, ஃபிரேமை நகலெடுத்து அனுப்பும் பழைய எஃப்பிசிபி முறை நம்பியிருந்த டிஸ்ப்மேன்எக்ஸ் என்ற பழைய கிராஃபிக்ஸ் இடைமுகமும் புதிய கேஎம்எஸ் கிராஃபிக்ஸ் டிரைவரில் கிடையாது. ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு ஹெச்டிஎம்ஐ-இலும் படம் வராமல் போனால், மெமரி கார்டை வேறு கம்ப்யூட்டரில் செருகி, கான்ஃபிக் கோப்பின் கடைசியில் சேர்ந்த வரிகளை நீக்குங்கள்.