சுக்கான் மண்ணும் மணிச்சத்தும்

பல்லடம் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் ஒரு கை மண்ணை அள்ளினாலே சுண்ணாம்புச் சுக்கான் கற்கள் தட்டுப்படும். டிஏபி உரத்தில் 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ் சத்து) இருந்தாலும், இத்தகைய மண்ணில் அதன் பெரும்பகுதி கால்சியத்துடன் பிணைந்து கரையாத பாஸ்பேட்டாகிவிடுவதால், ஆண்டுதோறும் நாம் இடும் சத்து பயிருக்கு எட்டாமல் நிலத்திலேயே தங்கிவிடுகிறது.

பேசில்லஸ் மெகாதீரியம் போன்ற பாஸ்போபாக்டீரியாக்கள் கரிம அமிலங்களைச் சுரந்து, வேரைச் சுற்றிய சிறு பரப்பில் அந்தப் பிணைப்பை அவிழ்க்கின்றன. இருப்பில் உள்ளதைக் கரைப்பதே அவற்றின் வேலையாதலால், மணிச்சத்தே இல்லாத மண்ணில் அவற்றிடம் அற்புதத்தை எதிர்பார்க்க இயலாது. சுண்ணாம்பு மிகுந்த மண் அந்த அமிலத்தையும் ஓரளவு முறித்துவிடும். ஆகவே, நுண்ணுயிருக்கு உணவாகும் தொழு உரத்தைத் தவிர்த்துவிட்டுப் பாஸ்போபாக்டீரியா பொட்டலத்தை மட்டும் நம்புவது வீண் என்பதே என் கருத்து. வேரோடு இணைந்து வாழும் பூஞ்சையான வேர் உட்பூசணமோ (மைகோரைசா) சத்தைக் கரைப்பதைவிட, தன் நுண்ணிழைகளால் வேர் எட்டாத இடத்திலிருந்து அதைக் கொண்டுவருகிறது.

முதன்முறை நான் பாஸ்போபாக்டீரியாவை டிஏபியுடன் கலந்து உச்சி வெயிலில் தூவினேன். உயிருள்ள பொருள் என்ற நினைப்பே எனக்கு இருக்கவில்லை. இப்போது ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்கிறேன். நிலத்துக்கு இடுவதானால், மட்கிய தொழு உரத்துடன் கலந்து மாலையில், ஈரமுள்ளபோது மட்டுமே இடுகிறேன்.