அஞ்சு கட்டத்துல அடங்காத மழை

ரெண்டு வாரமா ஒரு ஓட்டையோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். மேப்ல ஓட்டை. இந்தியப் பெருங்கடல்ல இருக்குற ஃபிரெஞ்சு தீவான ரெயூனியன் பூரா நீலம் பச்சை மஞ்சள்னு மழை அழகா விழுந்திருக்கு, தென்கிழக்குல ஃபூர்னேஸ் எரிமலை மேல மட்டும் சட்டைல பீடி சுட்ட மாதிரி வெள்ளையா ஒரு வட்டம்.

நமக்கு இங்க தீவோட தலைநகர் சேன் தெனில வேலையே பழைய புயலையெல்லாம் கம்ப்யூட்டர்ல திரும்ப ஓட்டி எங்கெங்க எவ்ளோ மழை கொட்டியிருக்கும்னு பாக்குறதுதான். இந்த தடவ 2007 பிப்ரவரில வந்த கமேட் புயல். அதுல எரிமலை மேல கொமெர்சோன் பள்ளத்துல 72 மணி நேரத்துல 3930 மில்லிமீட்டர் பதிவாச்சு, உலக ரெக்கார்டு. அந்த இடத்துலதான் சரியா ஓட்டை விழுந்திருக்கு, பாருங்க.

மாடல்தான் (மழைய கணக்குப் போடுற ப்ரோக்ராம்) வெடிக்குதுன்னு முடிவே பண்ணிட்டேன். செங்குத்தான மலை, டைம் ஸ்டெப் (கணக்கு ஒவ்வொரு தடவையும் தாண்டுற நேரம்) பெருசு, கணக்கு எகிறி நான் ஆயிடுச்சுன்னு (நானில்லங்க, நாட்-எ-நம்பர், நம்பரே இல்லாத விடை) ஸ்டெப்ப பாதியாக்கி மறுபடி ஓட்டினேன், ரன் டைம் டபுள் ஆச்சு, ஓட்டை அப்படியே இருக்கு. அப்புறம் மலையோட உயர ஃபைல நோண்டினேன், மேகத்துக்குள்ள மழைத்துளி உருவாகுற பகுதிய நோண்டினேன், ஒன்னும் நடக்கல. பக்கத்து சீட்டு காரைக்கால் தம்பி டீய குடிச்சிட்டே "அண்ணே, அவுட்புட் ஃபைல தொறந்து பாத்தீங்களாண்ணே?"ன்னான். கோவம்தான் வந்துச்சு. ஏன்னா பாக்கல.

தொறந்தா:

-21.200  55.650 *****

அஞ்சு நட்சத்திரம். அது கீழயும் நட்சத்திரம், அதுக்கும் கீழயும். ஃபோர்ட்ரான் (மாடல எழுதியிருக்குற பழைய கம்ப்யூட்டர் மொழி) தெரிஞ்சவங்களுக்கு இப்பவே சிரிப்பு வந்திருக்கும். மழை அளவு வர்ற பத்திய எழுதுற ஃபார்மட் எஃப்5.1. மொத்தம் அஞ்சு எழுத்து, அதுல புள்ளிக்கு ஒன்னு, புள்ளிக்கு அப்புறம் ஒரு இலக்கம், அப்போ அதிகபட்சம் 999.9. அதுக்கு மேல போனா ஃபோர்ட்ரான் எரர் குடுக்காது, ஓடுறத நிறுத்தாது, அந்த இடத்துல நட்சத்திரத்த நெரப்பிட்டு அடுத்த வரிக்கு போயிடும். மாடல் சரியாத்தான் கணக்கு போட்டிருக்கு, எழுதும்போதுதான் போச்சு. இந்த கோட எழுதின புண்ணியவான் ஐரோப்பாவுல எங்கயோ உக்காந்து மழைன்னா மூணு இலக்கம் போதும்னு நெனச்சிருப்பார், அவர் ஊருக்கு அது போதும். நம்ம பாண்டிச்சேரிக்கே போதும், 2024 ஃபெஞ்சல்ல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 48 சென்டிமீட்டர் கொட்டி ஊரே மெதந்துச்சு, அது கூட இந்த அஞ்சு கட்டத்துல அடங்கிடும். இங்க இதே தீவுல ஃபோக்-ஃபோக்ங்கற இடத்துல 1966 ஜனவரில தெனீஸ் புயலப்ப 24 மணி நேரத்துல 1825 மில்லிமீட்டர். எங்க அடங்க?

பாதி தப்பு என்னுது. ஃபைல படிக்கிற பைத்தான் ஸ்கிரிப்ட்ல, நம்பரா மாத்த முடியாதத எல்லாம் சத்தமில்லாம நாட்-எ-நம்பர் ஆக்கிடுன்னு ஒரு வரி போட்டு வச்சிருந்தேன். எப்பவோ அவசரத்துல போட்டது. மேப்ல வெள்ளையா தெரிஞ்சது அதுதான். அந்த வரி இல்லன்னா மொத நாளே ஸ்கிரிப்ட் கத்தியிருக்கும்.

சரின்னு எஃப்6.1 ஆக்கினேன். வரி நீளம் மாறக்கூடாதேன்னு முன்னாடி இருந்த ஒரு ஸ்பேஸ அதுக்கு தின்ன விட்டேன், பெரிய புத்திசாலி. இப்ப நட்சத்திரம் போச்சு, பதிலுக்கு 55.6503612.4 அப்படின்னு தீர்க்கரேகையும் மழையும் ஒட்டிப் பொறந்த மாதிரி வந்து நிக்குது. ரெண்டு புள்ளி இருக்கறத எந்த பைத்தான் படிக்கும்.

வெறுத்துப்போயி டெக்ஸ்ட் ஃபைலே வேணாம், நெட்சிடிஎஃப்-க்கு (வானிலை டேட்டாவ எழுத்தா இல்லாம நேரா நம்பராவே வைக்கிற ஃபைல் வகை) மாறிடலாம்னு மாறினேன். டீம்ல ஏற்கனவே இருந்த ஸ்கிரிப்ட எடுத்தேன், இடம் மிச்சம் பிடிக்க மழைய 10-ஆல பெருக்கி 16 பிட் முழு எண்ணா மாத்தி வைக்கிற ஸ்கிரிப்ட். மேப் வந்துச்சு, ஓட்டை இல்ல! ரெண்டு நிமிஷம் சந்தோஷமா பாத்துட்டு கலர் ஸ்கேல பாத்தா மைனஸ்ல போகுது. எரிமலை மேல மழை மைனஸ் 2941.2. பூமிலேர்ந்து வானத்துக்கு பேஞ்சிருக்கு.

16 பிட்ல கடைசி நம்பர் 32767. பத்தால வகுத்தா 3276.7 மில்லிமீட்டர். நம்ம 3612.4 அதத் தாண்டினதும் வண்டில கிலோமீட்டர் காட்டுற மீட்டர் மாதிரி ஒரு சுத்து சுத்தி அந்தப்பக்கமா வந்துடுச்சு, 36124-லேர்ந்து 65536-அ கழிச்சுப் பாருங்க, மைனஸ் 29412. டெக்ஸ்ட்லயாவது நட்சத்திரம் போட்டு காமிச்சுச்சு, இது நல்ல புள்ள மாதிரி ஒரு பொய் நம்பர நீட்டுது. மழைங்கறதால மைனஸ பாத்து புடிச்சேன், இதே நம்பர் காத்தோட வேகமா இருந்திருந்தா திசை மாறிடுச்சு போலன்னு தாண்டிப் போயிருப்பேன்.

இப்ப சாதாரண 32 பிட் ஃப்ளோட்டாவே (புள்ளி வெச்ச நம்பரா) எழுதுறேன், ஃபைல் ரெண்டு மடங்கு ஆனா ஆகட்டும். எழுதி முடிச்சதும் அதே ஃபைல திரும்ப படிச்சு மெமரில இருக்கற அதிகபட்சத்தோட ஒத்துப்பாக்குற மாதிரி நாலு வரி சேத்திருக்கேன், ஒத்து வரலன்னா ஓட்டம் அங்கயே நிக்கும். கொமெர்சோன் மேல இப்ப கரும் ஊதா. நெஜத்துல பேஞ்சத விட ஒரு 300 மில்லிமீட்டர் கம்மிதான், அது வேற சண்டை.

அம்மா போன்ல "அங்க மழையாடா?"ன்னாங்க. 2007 மழைம்மான்னேன். வச்சிட்டாங்க.

தம்பி விடல. "அண்ணே, அப்ப பழைய ரன்னுங்க?" பழைய ஃபோல்டர் பூரா நட்சத்திரம் தேட விட்டிருக்கேன். தெனீஸ்ல இருக்கு, எதிர்பாத்ததுதான். 1980 ஹையசிந்த், 15 நாள்ல 6083 மில்லிமீட்டர் கொட்டினது, அந்த ஃபோல்டர்ல தேடல் இன்னும் ஓடிட்டு இருக்கு, ஸ்க்ரீன் ஏற்கனவே ரெண்டு பக்கம் நகந்துடுச்சு.