செத்ததா, இல்லையா? டியூபிபெக்ஸ் புழுச் சோதனை

முதுகலை ஆய்வுக்குப் பாலாற்றுப் படுகைத் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியத்தை எடுத்துக்கொண்டேன். மீனை வைத்துச் செய்தவர்கள் ஏராளம். ஆனால் நச்சு போய்ப் படிவது அடிச்சேற்றில். அந்தச் சேற்றைத் தின்றே வாழ்வது டியூபிபெக்ஸ் புழு. ஆகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் புழு எளிதாகக் கிடைக்கிறது. வாங்கிய கையோடு சோதனையில் இறங்கிவிட முடியாது. கழிவுநீர்ச் சேற்றில் அள்ளியதாக இருந்தால், அதன் குடலிலேயே என்னென்ன உலோகம் இருக்குமோ! குளோரின் நீக்கிய நீரை மெல்ல ஓடவிட்டு, இறந்தவற்றை அகற்றி, சில நாள் பழக்க வேண்டும்.

எண்ணுவது பெரும் தலைவலி. புழுக்கள் சிவப்பு நூல்கண்டு போலப் பின்னிக்கொள்ளும். இடுக்கியால் இழுத்தால் அறுந்துவிடும். மென்தூரிகையால் பிரித்து, வாய் அகன்ற பிப்பெட்டில் உறிஞ்சி, சேறு இல்லாமல் வெறும் தண்ணீரில், பீக்கருக்குப் பத்தாக விட்டேன். பிறகு பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல், வெவ்வேறு செறிவுகளில், 96 மணி நேரம். கையுறை கட்டாயம், இதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) மனிதருக்கும் புற்றுநோய் தருவது.

சாவைத் தீர்மானிப்பதில்தான் சோதனையே நிற்கிறது. சேற்றில் நலமாக இருக்கும் புழு தலையைப் புதைத்து வாலை மேலே ஆட்டும். நச்சு ஏறினால் முறுக்கிக்கொள்ளும், கோழை கக்கும். வால் வெளிறித் துண்டாகும். முன்பாதியோ உயிரோடு நெளியும். அதை இறப்பில் சேர்க்கக் கூடாது. தூரிகை நுனியால் மெல்லத் தொட்டும் அசைவே இல்லையென்றால்தான் கணக்கில் வரும். நச்சு சேர்க்காத பீக்கர்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் குப்பைக்கு. எனக்கு நச்சைவிட அந்தப் பீக்கர்கள் மேல்தான் பயம் அதிகம்.

பாதிப் புழுக்கள் சாகும் செறிவு ஒருவழியாகக் கிடைத்தது. நெறியாளர் பார்த்துவிட்டு, “பாலாற்றில் வெறும் தண்ணீரா இருக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. சேற்றிலுள்ள கரிமப்பொருள் ஆறிணைதிறக் குரோமியத்தை நச்சு குறைந்த மூவிணைதிறமாக மாற்றிப் பிடித்துவைத்துக்கொள்ளும். நச்சின் வீச்சே மாறிவிடும்.

அதனால் சேற்றோடு 28 நாள் இனப்பெருக்கச் சோதனை. முடிவில் சேற்றைச் சலித்து, பெரிய புழு, முட்டைக்கூடு, குஞ்சு என்று தனித்தனியாக எண்ண வேண்டும், கண் எரிந்துபோகும். ஆனாலும் என் பரிந்துரை இதுதான். பெரிய புழுக்கள் பிழைத்திருக்கும்போதே குஞ்சுகள் குறைந்துவிடலாம். நான்கு நாள் சோதனையில் அது தெரியாது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இதற்கான மாதங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.