மாயக் கதையில் துப்பை எங்கே வைப்பது?

இளையோருக்கான மாயத் துப்பறியும் நாவல்களில் விமர்சகர்கள் முதலில் கை வைப்பது முடிச்சு அவிழும் இடத்தில்தான். கடைசி அத்தியாயத்தில் புது மந்திரம் முளைத்தால் அவ்வளவுதான். மந்திரத்தால் எது ஆகாது என்பதை, 200 பக்க நாவலென்றால் முதல் 50 பக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

பழங்காலத்தில் கல்மணி செய்த கொங்கு நாட்டு ஊரான, நொய்யல் கரைக் கொடுமணலைக் களமாக வைத்தால் துப்பு அங்கேயே கிடக்கிறது. சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த மணியை ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுமுனை சில்லுப் பெயரும்; அதனால் இரு பக்கமும் துளைத்து நடுவில் சேர்ப்பார்கள். இம்மி விலகினாலும் உள்ளே படி விழும். நூல் அங்கே உரசித்தான் அறும். அந்த நைந்த நூல்முனையை மூன்றாம் அத்தியாயத்திலேயே, சந்தைப் பேச்சுக்கு நடுவில், ஒரே வரியில் காட்டுங்கள். அழுத்திச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பையன்கூடப் பிடித்துவிடுவான். கொங்குப் பேச்சு உரையாடலோடு நிற்கட்டும். வரிக்கு வரி "ஏனுங்க" தூவினால் கதை நகராது.