எஸ்.என்.லட்சுமி: பேரு தெரியாமலே நாம பார்த்துட்டு இருந்த நடிகை

மைக்கேல் மதன காமராஜன்ல (1990) வர்ற அந்த திருட்டுப் பாட்டிய பார்த்தவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க, ஆனா அவங்க பேரு என்னன்னு கேட்டா பாதி பேருக்கு தெரியல. எனக்கு அது ரொம்ப வருத்தம். எஸ்.என்.லட்சுமி. விருதுநகர் பக்கத்துல பிறந்தவங்க, கலைவாணர் என்.எஸ்.கே நாடக ட்ரூப்ல இருந்து வந்தவங்க.

நாடகத்துல பழகின குரல்னா என்னன்னு இவங்க பேசுறத கேட்டா புரியும். கத்தவே மாட்டாங்க, ஆனா ஒரு எழுத்து கூட விழுங்காது, கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவனுக்கும் போய் சேரணும்ங்கற பழக்கம் அது. மைக்கேல் மதன காமராஜன்ல பிராமண வீட்டுப் பாட்டி, விருமாண்டியில (2004) மதுரைப் பக்கத்து கிராமத்து அப்பத்தா, ரெண்டும் கமல் படம்தான், ரெண்டுலயும் பேச்சே வேற, நடையே வேற. அந்த திருட்டுப் பாட்டி கைக்கு கிடைச்சத எடுத்து ஒளிச்சு வைக்கும்போது மூஞ்சில குற்ற உணர்ச்சி துளி கூட இருக்காது பாருங்க, என்னமோ தன் வீட்டு சாமான எடுத்து வைக்கிற மாதிரி. காமெடி பண்றோம்னு காட்டிக்கவே மாட்டாங்க, அதனாலதான் அவ்ளோ சிரிப்பு வருது.

சர்வர் சுந்தரம் (1964) பாருங்க, அதுல நாகேஷுக்கு அம்மா. நிஜத்துல அவர விட சில வயசுதான் மூத்தவங்க, ஆனா புள்ள பெரிய நடிகனா ஆகுறத பார்த்து பூரிக்கிறப்ப வயசு கணக்கெல்லாம் நமக்கு ஞாபகமே வராது. அந்த அம்மா இல்லாம போற இடத்துல நாகேஷ் அழுறது நம்மள ஏன் அப்படி உலுக்குதுன்னா, அதுக்கு முன்னாடி கொஞ்ச சீன்லயே இவங்க அந்த அம்மாவ நம்ப வச்சிட்டாங்க.

தேவர் மகன்லயும் இருக்காங்க. மகாநதில (1994) மாமியார், மருமகன் ஜெயிலுக்கு போனப்புறம் பேரப் பிள்ளைகளோட தவிக்கிற கிழவி. அந்த படத்த நான் ரெண்டாவது தடவ பார்க்க பயப்படுறதுக்கு இவங்களும் ஒரு காரணம்.

2012 பிப்ரவரில சென்னையில காலமானாங்க. ஹீரோவுக்கு மட்டும் ரெட்ராஸ்பெக்டிவ்னு பழைய படங்கள திரும்ப போடுறவங்க இவங்க படங்கள வரிசையா ஒரு வாரம் போடலாம், சர்வர் சுந்தரத்துல ஆரம்பிச்சு விருமாண்டி வரைக்கும். நாற்பது வருஷ நடிப்பு இருக்கு அதுல.